அரசு கொடுத்த துப்பாக்கி யாருடையது?

கிளர்ச்சியை அடக்கக் குடிமக்கள் கையில் ஆயுதம் கொடுப்பது சிக்கனமான வழி என்று அரசுகள் நம்புகின்றன. பஸ்தர் முதல் மணிப்பூர் வரை கிடைக்கும் கணக்கு அந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை.

2025 ஆகஸ்டில், குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரத்தில், ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தார். எதிர்க்கட்சிகளின் வேட்பாளரான முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பி. சுதர்சன் ரெட்டி, 2011-இல் சல்வா ஜுடும் வழக்கில் தீர்ப்பளிக்காமல் இருந்திருந்தால், மாவோயிஸ்ட் வன்முறை 2020-க்குள் முடிந்திருக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். அது தன் சொந்தத் தீர்ப்பல்ல, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று ரெட்டி பதில் சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிலர் அமைச்சரைக் கண்டித்தார்கள். வேறு சிலர் அந்தக் கண்டனத்தைக் கண்டித்தார்கள். செப்டம்பர் 9 அன்று தமிழகத்தைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் வெற்றி பெற்றார்; தேர்தலோடு சர்ச்சையும் அடங்கியது.

ஆனால் அமைச்சர் கிளப்பிய கேள்விக்குப் பதில் தேடாமலே எல்லோரும் கலைந்துபோனார்கள். ஆயுதக் கிளர்ச்சி நடக்கும் இடத்தில், அங்கு வாழும் மக்களின் ஒரு பகுதியினருக்கு அரசே துப்பாக்கி கொடுத்து மோதவிட்டால் கிளர்ச்சி சீக்கிரம் அடங்குமா? அடங்காது என்பதே என் வாதம். அப்படிக் கொடுக்கப்படும் துப்பாக்கி முதலில் சாவைப் பெருக்குகிறது. பிறகு, கிளர்ச்சி ஓய்ந்தாலும் ஓயாவிட்டாலும், அது ஊரிலேயே தங்கிவிடுகிறது. எந்த ஆயுத ஏகபோகத்தைக் காப்பாற்ற அரசு களமிறங்கியதோ, அதைத் தன் கையாலேயே அது பங்குபோட்டுக் கொடுத்துவிடுகிறது. இது மனித உரிமை ஆர்வலர்களின் கவலை மட்டும்தான் என்று ஒதுக்க முடியாது. பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

பஸ்தரின் கணக்கு

மாவோயிஸ்டுகளுக்கு எதிராக ஊர்மக்களைத் திரட்டிய சல்வா ஜுடும் இயக்கம், சத்தீஸ்கரின் பஸ்தர் வட்டாரத்தில், 2005 ஜூனில், அப்போது தந்தேவாடா மாவட்டத்தில் இருந்த பிஜாப்பூர் பகுதியில் தொடங்கியது. அதன் முகமாக இருந்தவர் சத்தீஸ்கர் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரும் காங்கிரஸ்காரருமான மகேந்திர கர்மா. பின்னால் நின்றது ரமண் சிங்கின் பாஜக அரசு. இரு பெரிய கட்சிகளும் எதிரெதிர் வரிசையில் அமர்ந்துகொண்டே ஒரே இயக்கத்தை நடத்திய அபூர்வக் காட்சி அது. இது மக்களிடமிருந்து தானாக எழுந்த எதிர்ப்பு என்றார்கள் ஆதரவாளர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2008-இல் கொடுத்த அறிக்கையும் ஓரளவு அதை ஒப்புக்கொண்டது. காட்டிக்கொடுத்தார் என்று சொல்லி ஊர்க்காரரைக் கொல்வது, ஊர்த் தலைவர்களை மிரட்டுவது என மாவோயிஸ்டுகள் நடத்திய கெடுபிடியால் ஆதிவாசிகளில் ஒரு பகுதியினருக்குக் கசப்பு இருந்தது உண்மைதான். அந்தக் கசப்பைக் கேட்டறியப் பஞ்சாயத்தும் காவல் நிலையமும் நீதிமன்றமும் அங்கே இருந்திருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் அரசு துப்பாக்கியை அனுப்பியது.

அடுத்த சில மாதங்களில் பஸ்தரின் தெற்குப் பகுதி இரண்டாகப் பிளந்தது. கிராமம் கிராமமாக மக்கள் சாலையோர முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முகாமுக்கு வராதவர் மாவோயிஸ்டுகளின் ஆள் என்று கருதப்பட்டார். முகாமுக்கு வந்தவரை மாவோயிஸ்டுகள் துரோகி என்றார்கள். 600-க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்கள் கூறினார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டக் காடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். நடுவில் நிற்க இடமில்லாமல் செய்வதுதான் எந்தக் கிளர்ச்சி இயக்கமும் விரும்பும் நிலை. நடுநிலை ஊர் இருக்கும்வரை ஆள் சேர்ப்பது அதற்குக் கடினம். சல்வா ஜுடும் அந்த நடுநிலையை மாவோயிஸ்டுகளுக்காக ஒழித்துக் கொடுத்தது.

எண்களைப் பாருங்கள். உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2005-இல் நாடு முழுவதும் இடதுசாரித் தீவிரவாத வன்முறையில் பொதுமக்களும் பாதுகாப்புப் படையினருமாகச் செத்தவர்கள் 677 பேர். 2006-இல் 678 பேர். நாட்டளவில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஆனால் சத்தீஸ்கரில் மட்டும் அந்த எண்ணிக்கை 168-இலிருந்து 388 ஆக ஏறியது. பிற மாநிலங்களில் இறங்கிய வன்முறை, சல்வா ஜுடும் நடந்த மாநிலத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. 2006 ஜூலையில் எர்ராபோர் முகாம் தாக்கப்பட்டது; முப்பது பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். 2007 மார்ச்சில் ராணி போத்லி காவல் முகாமில் 55 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறப்புக் காவல் அதிகாரி என்ற பெயரில் ஆயுதம் வாங்கிய உள்ளூர் இளைஞர்கள். 2010 ஏப்ரலில் தாட்மெட்லாவில் 76 பாதுகாப்புப் படையினர் பலியானார்கள். கிளர்ச்சியை முடிக்க வந்த திட்டத்தின் ஐந்தாண்டுக் கணக்கு இதுதான்.

மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு போர்வீரன்

பஸ்தர் பேச்சுவழக்கில் எஸ்.பி.ஓ. என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறப்புக் காவல் அதிகாரிகள் யார்? நந்தினி சுந்தர், ராமச்சந்திர குஹா, இ.ஏ.எஸ். சர்மா ஆகியோர் தொடுத்த வழக்கில் மாநில அரசே கொடுத்த தகவல்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு முன்னுரிமை. மொத்தப் பயிற்சி இரண்டு மாதம். மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய். அதில் ஒன்றிய அரசுக்கும் பங்கு உண்டு. 2011 மார்ச்சில் அவர்கள் எண்ணிக்கை 6,500. ஓராண்டுக்கு முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அதுவரை 173 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒழுங்கீனத்துக்காகவும் வேலைக்கு வராததற்காகவும் நீக்கப்பட்டவர்கள் 1,200 பேர். நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் முழுப் பயிற்சியும் பெற்ற காவலரைவிட இவர்கள் அதிக விகிதத்தில் செத்தார்கள். உள்ளூர்க்காரர் என்பதால் காட்டு வழி தெரியும், யார் எவர் என்று அடையாளம் காட்டத் தெரியும். அதனால்தான் முன்வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அதனால்தான் முதலில் குறிவைக்கப்பட்டார்கள்.

2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் எஸ்.எஸ். நிஜ்ஜாரும் சொன்னது, காவல்துறை கிளர்ச்சியாளர்களோடு மோதக் கூடாது என்றல்ல. படிப்பும் பயிற்சியும் குறைந்த ஆதிவாசி இளைஞர்களை அற்ப ஊதியத்துக்கு ஆயுதப் போரில் இறக்குவது அரசியல் சாசனத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்கு முரணானது என்றார்கள். கொடுத்த துப்பாக்கிகளைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டார்கள். பேரிடர் மீட்பு, போக்குவரத்து ஒழுங்கு போன்ற பணிகளுக்கு அவர்களைப் பயன்படுத்தத் தடை இல்லை. தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு கவலையும் உண்டு. கையில் துப்பாக்கியோடு ஊரின் பகையைச் சம்பாதித்துக்கொண்ட இளைஞர், நாளை அதைத் திருப்பிக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்? அதுதான் அவருடைய ஒரே உயிர்ப் பாதுகாப்பு. மறுத்தால், அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத இன்னோர் ஆயுதக் கும்பல் உருவாகும் என்று நீதிமன்றம் எச்சரித்தது. இதைவிட நடைமுறை சார்ந்த பாதுகாப்பு ஆலோசனை வேறு என்ன இருக்க முடியும்?

தீர்ப்பு தடுத்ததா?

இங்கே எழும் முதல் எதிர்வாதம் அமைச்சருடையது: தீர்ப்பு வராமல் இருந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது. அரசின் புள்ளிவிவரமே இதை மறுக்கிறது. நாடளாவிய உயிரிழப்பு உச்சத்தைத் தொட்டது 2010-இல், 1,005 பேர். அது எஸ்.பி.ஓ. நியமனங்கள் முழு வீச்சில் இருந்த காலம். சரிவு தொடங்கியது அதற்குப் பிறகு. 2024-இல் எண்ணிக்கை 150. இந்த 85 விழுக்காட்டுச் சரிவைத் தன் சாதனையாக ஒன்றிய அரசு சொல்லிக்கொள்கிறது. அப்படியானால் அந்தச் சாதனையின் பெரும்பகுதி தீர்ப்புக்குப் பிந்தைய காலத்தில் நடந்தது என்பதையும் அது ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்ப்பினால்தான் வன்முறை குறைந்தது என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு தடையாக இருந்தது என்பதற்கு இந்த எண்களில் இடமில்லை என்றுதான் சொல்கிறேன்.

எது குறைத்தது? சாலைகள், செல்பேசிக் கோபுரங்கள், காட்டுக்குள் வரிசையாக அமைந்த காவல் முகாம்கள், மாநிலங்களுக்கிடையே தகவல் பரிமாற்றம், சரணடைந்தவர்களுக்கு மறுவாழ்வு, தலைமையின் முதுமை, இயக்கத்துக்குள் பிளவு எனக் காரணங்கள் பல. 2025 மே மாதம் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜு அபூஜ்மாடில் கொல்லப்பட்டதும், அக்டோபரில் கட்சித் தலைவர்களில் ஒருவரான மல்லோஜுலா வேணுகோபால் ராவ் கட்சிரோலியில் தோழர்களோடு சரணடைந்ததும், நவம்பரில் கட்சியின் தளபதி ஹிட்மா ஆந்திரத்தில் கொல்லப்பட்டதும் இந்த நீண்ட நெருக்கடியின் கடைசிக் கட்டம். 1989-இல் உருவான கிரேஹவுண்ட்ஸ் படையை வைத்து ஆந்திரம் மாவோயிஸ்டுகளை முன்பே விரட்டியிருந்தது. போலி மோதல்கள் என்ற குற்றச்சாட்டு அந்தப் படை மீது உண்டு. அது லேசான குற்றச்சாட்டு அல்ல. ஆனாலும் அது பணிப் பதிவேடும் சீருடையும் மேலதிகாரியும் உள்ள படை. யார் சுட்டார், யார் உத்தரவிட்டார் என்று கேட்க ஒரு முகவரியாவது இருக்கிறது.

இன்று பஸ்தரில் முன்னணியில் நிற்கும் மாவட்ட ரிசர்வ் படையில் உள்ளூர் ஆதிவாசிகளும் முன்னாள் எஸ்.பி.ஓ.க்களும் சரணடைந்த மாவோயிஸ்டுகளும்தானே இருக்கிறார்கள், பழைய திட்டம் வேறு பெயரில் தொடர்வதுதானே வெற்றிக்குக் காரணம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தீர்ப்பு வந்த ஆண்டிலேயே சத்தீஸ்கர் ஒரு துணைப்படைச் சட்டம் இயற்றி எஸ்.பி.ஓ.க்களைத் தக்கவைத்துக்கொண்டது, அது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் ஊதியம், பயிற்சி, பதவி உயர்வு, கட்டளை ஒழுங்கு ஆகியவற்றோடு காவல்துறைக்குள் வந்த பிறகுதான் அவர்களால் பயன் கிடைத்தது. தீர்ப்பு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒரு பகுதியைச் சரிசெய்த பிறகு வந்த பலனை, தீர்ப்புக்கு எதிரான சான்றாகக் காட்ட முடியாது. மீதிக் குறை அப்படியே இருக்கிறது. 2025 ஜனவரியில் பிஜாப்பூர் மாவட்டத்தில் கண்ணிவெடிக்குப் பலியான எட்டுக் காவலர்களில் ஐந்து பேர் முன்னாள் மாவோயிஸ்டுகள். ஆதிவாசி ஆதிவாசியைக் கொல்லும் ஏற்பாடு சீருடை மாட்டிக்கொண்டதாலேயே முடிந்துவிடவில்லை.

மலைக் கிராமத்தின் நியாயம்

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. காவல் நிலையத்திலிருந்து பல மணிநேர நடையில் இருக்கும் மலைக் கிராமத்தில் நள்ளிரவில் துப்பாக்கியோடு ஆட்கள் வந்தால், காவல்துறை வரும்வரை ஊர்க்காரர்கள் என்ன செய்வது? ஜம்மு பகுதியில் 1995-இல் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் உருவானது இந்தக் கேள்வியிலிருந்துதான். தோடா, ரஜௌரி, உதம்பூர் மலைகளில் சிறுபான்மை இந்துக்கள் குறிவைக்கப்பட்ட காலம் அது. 1998 ஏப்ரலில் பிரான்கோட்டில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். 2022-இல் அந்தக் குழுக்கள் கிராமப் பாதுகாப்புக் காவலர்கள் என்ற பெயரில் சீரமைக்கப்பட்டன. இன்று 4,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 2023 புத்தாண்டு அன்று ரஜௌரியின் டாங்ரி கிராமத்தில் நடந்த தாக்குதலில், ஊர்க்காரர் ஒருவர் தம் பழைய .303 ரைஃபிளால் சுட்டதும் தாக்கியவர்கள் ஓடினார்கள். அந்த ஒரு துப்பாக்கி பல உயிர்களைக் காத்தது. மறுநாள் காலை வெடித்த குண்டையும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள் என்றாலும், அந்தத் துப்பாக்கி இல்லாமலிருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும்.

இதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதில் உள்ள நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று காப்பது வேறு, காட்டுக்குள் போய் வேட்டையாடுவது வேறு. டாங்ரியின் துப்பாக்கி முதல் வகை. சல்வா ஜுடுமின் துப்பாக்கி இரண்டாம் வகை. முதல் வகையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஜம்முவின் குழு உறுப்பினர்கள் மீது கொலை, பாலியல் வன்முறை உட்படப் பல வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு மதத்தினரிடமே பெரும்பாலும் ஆயுதம் குவிந்திருப்பதாக மற்றவர்களிடம் அச்சம் இருக்கிறது. தற்காப்புக்குக் கொடுத்த துப்பாக்கி, சொத்துத் தகராறிலும் குடும்பச் சண்டையிலும் அதே வேகத்தில்தான் வெடிக்கும்.

அதே காஷ்மீரில் இரண்டாம் வகையும் சோதித்துப் பார்க்கப்பட்டது. சரணடைந்த தீவிரவாதிகளைக் கொண்ட இக்வான் குழுக்கள் 1990-களின் நடுவில் ராணுவத்தின் ஆதரவோடு இயங்கின. நாட்டுப்புறப் பாடகராக இருந்து தீவிரவாதியாகிப் பின் இக்வான் தலைவரான குகா பர்ரே, 1996-இல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். ராணுவ ரீதியில் அந்தக் குழுக்கள் பயன் தந்தன என்பதைப் பாதுகாப்பு வட்டாரத்தில் பலரும் சொல்வார்கள். கூடவே ஆள்கடத்தல், பணம் பறிப்பு, கொலை என்று அவர்கள் செய்ததெல்லாம் இந்திய அரசின் கணக்கில் எழுதப்பட்டது. 2003-இல் பர்ரே கொல்லப்பட்டார். கசப்பு மட்டும் தலைமுறை தாண்டி நிற்கிறது. கிளர்ச்சி ஒடுக்குதலில் அரசுக்கு வேண்டிய முதல் சொத்து மக்களின் நம்பிக்கை என்று ராணுவப் பாடநூல்களே சொல்கின்றன. அந்தச் சொத்தை விற்றுத்தான் இந்த வெற்றி வாங்கப்பட்டது.

திரும்பி வராத ஆயுதங்கள்

ஊருக்குள் போன துப்பாக்கி திரும்பி வராது என்பதற்கு மணிப்பூரைவிடப் பெரிய பாடம் வேண்டாம். 2023 மே 3 அன்று தொடங்கிய மெய்தேய்–குக்கி மோதலில், காவல்துறை ஆயுதக் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 துப்பாக்கிகள் கொள்ளை போயின. இவை அரசு கொடுத்தவை அல்ல, பறிபோனவை என்பது உண்மை. ஆனால் இரு தரப்பிலும் ‘கிராமத் தொண்டர்கள்’ என்ற பெயரில் பதுங்குகுழி வெட்டிக் காவல் இருந்தவர்களை மாநில நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தது. தத்தம் பக்கத்து ஆயுதக் குழுவை அரசியல்வாதிகள் காவல் தெய்வமாகக் கொண்டாடினார்கள். 2025 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபின் ஆளுநர் அஜய் குமார் பல்லா கெடு விதித்து, ஆயுதங்களை ஒப்படைக்கக் கேட்டார். கெடு மார்ச் 6 வரை நீட்டிக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை ஏறத்தாழ ஆயிரம். 250-க்கும் மேற்பட்டோர் செத்து, 60,000 பேர் வீடிழந்த பிறகும் மீதித் துப்பாக்கிகளை விட மனம் வரவில்லை. எதிர்த்தரப்பு கொடுக்காமல் நான் எப்படிக் கொடுப்பேன் என்று இரு தரப்பும் கேட்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. எல்லோருக்கும் நியாயமாகப் படுவதாலேயே அது விடையில்லாத கேள்வியாகிவிட்டது.

இப்படி ஒரு பாடம் பக்கத்திலேயே இருக்கும்போது, 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை ஒரு சிறப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. துப்ரி, நாகாவ், மோரிகாவ், பர்பேட்டா, தெற்கு சல்மாரா–மன்காச்சர், கோல்பாரா போன்ற இடங்களில் வாழும் ‘மண்ணின் மக்களுக்கு’ துப்பாக்கி உரிமம் வழங்குவதே திட்டம். இந்த இடங்கள் வங்காள வம்சாவளி முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதிகள். சத்தீஸ்கரில் குறைந்தபட்சம் ஆயுதம் தாங்கிய ஒரு கிளர்ச்சி இருந்தது. இங்கே துப்பாக்கி நீட்டப்படும் திசையில் அப்படி எந்தப் படையும் இல்லை. அண்டை வீட்டார்தான் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிதானே, சட்டப்படிதானே என்று முதலமைச்சர் தரப்பு சொல்லலாம். யாருக்கு உரிமம் என்பதை அடையாளம் தீர்மானிக்கும்போது, உரிமம் பெறாதவர் கள்ளத் துப்பாக்கி தேடுவார். நெல்லி போன்ற படுகொலையைக் கண்ட மாநிலத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடல் கடந்தும் கணக்கு மாறவில்லை. இலங்கை அரசு 1980-களின் நடுவில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையை அமைத்தது. சிங்கள, முஸ்லிம் கிராமங்கள் புலிகளின் தாக்குதலுக்கு ஆளாகியிருந்ததால் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் கிழக்கில் அயல் தமிழ்க் கிராமங்கள் மீதான தாக்குதல்களில் அந்தப் படையினர் மீதே குற்றச்சாட்டு எழுந்தது; ஒன்றாகச் சந்தைக்குப் போன ஊர்கள் பகையூர்களாயின. 2006-இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக வளர்ந்தது. 2009-இல் போர் முடிந்த பிறகும் கலைக்கப்படாமல் வன்னியில் பண்ணைகள் நடத்தும் அளவுக்கு நிலைத்தது. கொலம்பியா 1994-இல் கான்விவிர் என்ற பெயரில் ஊர்ப் பாதுகாப்புக் குழுக்களைச் சட்டபூர்வமாக்கியது. 1997-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் போர்த்தர ஆயுதங்களைப் பறிக்கச் சொன்னபோது, பலர் ஆயுதங்களோடு வலதுசாரித் துணைப்படைகளில் சேர்ந்தார்கள். 2022-இல் வந்த அந்நாட்டு உண்மை ஆணைய அறிக்கையின்படி, போரில் நடந்த கொலைகளில் 45 விழுக்காடு துணைப்படைகள் செய்தவை. கெரில்லா இயக்கங்கள் செய்தவை 27 விழுக்காடு. நோயைவிட மருந்து அதிகம் பேரைக் கொன்றது.

இத்தனை சான்றுக்குப் பிறகும் அரசுகள் ஏன் இதே வழிக்குத் திரும்புகின்றன? இரண்டு காரணங்கள். ஒன்று, செலவு. 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ஆளுக்குக் குடியிருப்பும் ஓய்வூதியமும் தேவையில்லை. அவர் செத்தால் தலைநகரில் மெழுகுவத்தி ஊர்வலம் நடக்காது. இரண்டாவது, பொறுப்பிலிருந்து தப்பும் வசதி. கிராமம் எரிந்தால், அது மக்களின் கோபம் என்று சொல்லிவிடலாம். 2011 மார்ச்சில் தாட்மெட்லா, மோர்பள்ளி, திம்மாபுரம் கிராமங்கள் எரிந்த வழக்கில் சிபிஐ விசாரித்து எஸ்.பி.ஓ.க்கள் மீது குற்றப்பத்திரிகை போட ஐந்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த வசதிக்காகத்தான் இந்த ஏற்பாடே என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை எந்த அரசாவது குடிமக்களுக்கு ஆயுதம் என்று அறிவித்தால், நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வாங்குபவருக்குக் காவலருக்குரிய ஊதியமும் பயிற்சியும் உண்டா? வாசலைக் காப்பதற்கா, வெளியே போய் மோதுவதற்கா? அவர் தவறாகச் சுட்டால் எந்த அதிகாரி பதில் சொல்வார்? எந்தத் தேதியில், யார் முன்னிலையில் துப்பாக்கி திரும்ப வரும்? நான்குக்கும் எழுத்தில் பதில் தர முடியாத அரசு, பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. தன் கடமையை ஏழையின் தோளில் மாட்டிவிட்டு விலகுகிறது. சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் 2011-இல் கேட்டதும் ஏறக்குறைய இவற்றைத்தான். தீர்ப்பு தாமதப்படுத்தியது என்று குறை சொல்பவர்கள், சல்வா ஜுடும் நடந்த ஆண்டுகளில் செத்தவர்களின் எண்ணிக்கை ஏன் ஏறியது என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும். அந்தப் பதில் வரும்வரை, நாட்டின் பாதுகாப்புக்கு அதிகம் உதவியது யார் என்ற போட்டியில் நீதிமன்றமே முன்னால் நிற்கிறது.